பேரல் ஃபின்களுக்கு நடுவே பெயிண்ட் சொரசொரப்பாகவே வருகிறது, ஏன்?

கேள்வி இதுதான்: பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 எஞ்சினைப் பிரித்து, பேரலுக்கு (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) கருப்பு ஹீட் பெயிண்ட் ஸ்ப்ரே கேனில் அடித்திருக்கிறார்கள். ஃபின் (சூட்டை வெளியேற்றும் தகடு) நுனிகளில் பெயிண்ட் வழிந்து சொட்டாக நிற்கிறது. உள்ளே அடிப்பகுதி உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கிறது, சில இடத்தில் வெறும் இரும்பே தெரிகிறது. வண்டியை ஓட்டியதும் எக்ஸாஸ்ட் பக்கம் கொப்புளம் வேறு. டேங்க், மட்கார்டில் கண்ணாடி மாதிரி வரும் அதே கை இங்கே மட்டும் ஏன் சொதப்புகிறது, சரியாக வர என்ன வழி?

டேங்க் என்பது வெளிப்பக்கம் வளைந்த பரப்பு. ஸ்ப்ரே கன்னிலிருந்து வரும் காற்று அதில் பட்டுச் சுற்றிலும் விலகிப் போய்விடும், பெயிண்ட் மட்டும் தங்கும். ஃபின் இடைவெளி ஒரு முட்டுச்சந்து. உள்ளே போன காற்று வெளியேற வேறு வழியில்லாமல் போன வழியிலேயே திரும்பி வருகிறது, வரும்போது பெயிண்ட் துளிகளையும் தள்ளிக்கொண்டு வருகிறது. உள்ளே போய்ச் சேரும் கொஞ்சநஞ்சமும் வழியிலேயே தின்னர் ஆவியாகிப் பாதி காய்ந்த தூளாகத்தான் விழும். அந்தச் சொரசொரப்பு இதுதான். உள்ளே ஏறவில்லையே என்று நாம் மேலும் மேலும் அடிக்க, நுனி மட்டும் கோட் மேல் கோட்டாக வாங்கி வழிகிறது. ஆக உங்கள் மூன்று குறைகளில் இரண்டுக்குக் காரணம் ஒன்றே. கொப்புளம் தனிக் கதை, அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் எந்தப் பெயிண்ட் என்று முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அடியில் என்ன போடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். பேரல் ஃபின் ஓட்டத்தில் சுமார் 120 முதல் 150 டிகிரி வரை போகும். பேரலுக்கு மேல் உட்காரும் ஹெட்டில், எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வழி) பக்கம் 200 டிகிரியை நெருங்கும். கார் பாடிக்கு அடிக்கும் ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் இந்தச் சூட்டில் நாளடைவில் பளபளப்பு இழந்து நிறம் மாறும். டைமிங் கவர், கிளட்ச் கவர் மாதிரி சூடு குறைந்த பாகங்களுக்கு அது அருமை, பேரலுக்கும் ஹெட்டுக்கும் வேண்டாம். இங்கே இரண்டு வகை பொருந்தும். ஒன்று, 250 டிகிரிக்கு மேல் தாங்கும் என்று போட்டு விற்கும் எஞ்சின் எனாமல். பெட்ரோல், ஆயில் தாங்கும், பளபளப்பும் கிடைக்கும். மற்றொன்று 600 டிகிரி என்று எழுதியிருக்கும் சிலிக்கான் ஹீட் பெயிண்ட். அது சைலென்சருக்காகச் செய்தது. பேரல் அந்தச் சூட்டுக்குப் போகவே போகாது, அதனால் அந்தப் பெயிண்ட் முழுதாக வேகாமல், நகத்தால் சுரண்டினால் வரும் பக்குவத்திலேயே நின்றுவிடும். டப்பாவில் பெரிய எண் இருந்தால் நல்லது என்று எடுப்பதுதான் இங்கே நடக்கும் பொதுவான தவறு. உங்கள் வேலைக்கு எஞ்சின் எனாமல், அதிலும் சாட்டின் (அரைப் பளபளப்பு) கருப்பு என் தேர்வு. முழு பளபளப்பில் காஸ்டிங்கின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும், சாட்டின் அதை விழுங்கிவிடும்.

பவுடர் கோட்டிங் கொடுத்தால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. பவுடர் மின்னூட்டத்தால் ஒட்டுகிறது. மின்புலம் ஃபின் நுனியில் குவியும், உள்ளே பள்ளத்தில் ஏறக்குறைய இல்லாமல் போகும். அதனால் நுனியில் தடியாகவும் அடியில் மொட்டையாகவும் வரும். கன் வோல்டேஜைக் குறைத்து, பாகத்தை முன்கூட்டியே சுடவைத்து அடிக்கத் தெரிந்த ஆளிடம் போனால் ஓரளவு சரியாக வரும். சாதாரண கேட், கிரில் அடிக்கும் இடத்தில் கொடுத்தால் வராது. பழைய காஸ்டிங் துளைகளில் ஊறிய ஆயில் வேறு 200 டிகிரி அவனில் ஆவியாகிப் பவுடரில் ஊசித்துளை போடும். கவர்களுக்குப் பவுடர் நல்லது, ஆழமான ஃபின்னுக்குத் திரவப் பெயிண்ட்தான்.

இனி தயாரிப்பு. மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். பேரலில் ரீபோர் வேலை (பிஸ்டன் ஓடும் துளையான போரைக் கடைந்து பெரிதாக்குவது) இருந்தால் பெயிண்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், லேத்தில் கிளாம்ப் போடும்போது புதுப் பெயிண்ட் நாசமாகும். முதலில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு களிம்பைக் கழற்றி, பழைய பெயிண்டை ரிமூவர் போட்டு எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் வைத்துக் கழுவுங்கள். மண்ணெண்ணெயோடு நிறுத்திவிட்டால் அதன் எண்ணெய்ப் படலமே பெயிண்டை ஒட்ட விடாது. காஸ்டிக் சோடா இரும்புப் பேரலுக்கு ஓகே, ஆனால் ஹெட் அலுமினியம். அதைக் காஸ்டிக்கில் போட்டால் நுரை பொங்கி உலோகமே கரையும். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டு ஹெட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கழுவியபின் ஒரு வேலை உண்டு, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பேரலை 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடவையுங்கள். பல வருடம் ஆயில் குடித்த இரும்பு அப்போது வியர்க்கும். சுத்தமாகத் தெரிந்த பரப்பில் பழுப்புத் திட்டுகள் வரும். சூடு தணிந்ததும் தின்னர் துணியால் துடைத்து, திட்டு வராத வரை திரும்பச் செய்ய வேண்டும். உங்கள் கொப்புளத்துக்கு முதல் சந்தேகம் இந்த ஆயில்தான். சமையல் அவனில் வைக்க வேண்டாம், அந்த ஆவி சாப்பாட்டில் இறங்கும். பழைய ஓடிஜி ஒன்றை ஒர்க்‌ஷாப்புக்கென்று ஒதுக்கிக்கொள்வது நல்லது.

அடுத்து பிளாஸ்டிங், அதாவது கிரிட் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துப் பரப்பைச் சுத்தம் செய்வது. இரும்புக்கு 80 முதல் 120 கிரிட் அலுமினியம் ஆக்சைடு, 50 பி.எஸ்.ஐ அளவில். அலுமினிய ஹெட்டுக்கும் அதே நுண்ணிய கிரிட், அழுத்தம் இன்னும் குறைவாக. கிளாஸ் பீட் (நுண்ணிய கண்ணாடி மணிகள்) அடித்தால் உலோகம் அழகாக மின்னும், ஆனால் அது பரப்பைத் தட்டி மூடிவிடுவதால் பெயிண்டுக்குப் பிடிமானம் குறையும். பெயிண்ட் அடிக்காமல் வெறுமனே விடும் பாகத்துக்குத்தான் கிளாஸ் பீட். ஆற்றுமணல் அடிக்கும் கடைக்குக் கொடுக்காதீர்கள்: மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும், கரடுமுரடான பரப்பு மெல்லிய பெயிண்டுக்குள் மறையாது. பிளாஸ்டிங்குக்கு முன் போர், கேஸ்கட் முகங்கள், ஸ்டட் துளைகள், டேப்பட் அறை, ஹெட்டில் ராக்கருக்கு ஆயில் போகும் வழி எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். உள்ளே தங்கும் ஒரு சிட்டிகை கிரிட் புதுப் பிஸ்டனை 100 கிலோமீட்டரில் கீறிவிடும்.

போரை அடைக்க ஒரு எளிய ஏற்பாடு. 70 மி.மீ போருக்குள் கொஞ்சம் இறங்கும்படி ரப்பர் ஷீட் ஒட்டிய இரண்டு பிளைவுட் வட்டுகள், நடுவில் 12 மி.மீ திரெட் ராடு, இருபுறமும் நட். மேலும் கீழும் இறுக்கிவிட்டால் போர் மூடியாயிற்று. அந்த ராடே கைப்பிடி, தொங்கவிட ஹூக், சுற்றிவிட அச்சு, எல்லாம். பெயிண்ட் அடிக்கும்போது பேரலைக் கையால் தொடவே தேவையில்லாமல் போகும்.

பிளாஸ்டிங் முடிந்தபின் ஃபின்களைப் பாருங்கள். மணல் அச்சில் வார்த்த இரும்பில் அச்சு சேர்ந்த இடத்துப் பிசிறு நிச்சயம் இருக்கும். தட்டை அரத்தால் அதை எடுத்துவிட்டு, ஐஸ் குச்சியில் 120 எமரி ஒட்டி ஃபின்களுக்கு நடுவே இழுத்தால் மேடுகள் போகும். பட்டி போட்டு நிரப்பலாமே என்று தோன்றும். கார் பட்டி இந்தச் சூட்டில் விரிசல் விட்டுத் தகடாகக் கழன்று வரும், தொட வேண்டாம். இன்னொன்று: ஃபின் நுனியின் கூர்மையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மழுக்கிவிடுங்கள். ஈரப் பெயிண்ட் கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்கிக்கொள்ளும். அந்த மெல்லிய இடத்தில்தான் மழைக்காலம் வந்ததும் முதல் துருக்கோடு தெரியும்.

பிளாஸ்ட் செய்த இரும்பு கடலோர ஊர்க் காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். அதனால் காலையில் பிளாஸ்டிங் என்றால் அன்றைக்கே முதல் கோட். ஃபின்களுக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உடனே வேறொரு காய்ந்த துணியால் துடையுங்கள். முதல் துணி அழுக்கைக் கரைக்கிறது, அதை அப்படியே காயவிட்டால் அழுக்கு அங்கேயே தங்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதே அறையில் டாஷ்போர்டு பாலிஷ், செயின் ஸ்ப்ரே எதுவும் திறக்காதீர்கள். அவற்றிலுள்ள சிலிக்கான் ஒரு துளி பட்டால் போதும், பெயிண்ட் அங்கங்கே விலகி மீன்கண் மாதிரி குழி விழும்.

பிரைமர் விஷயத்தில் கடைக்காரர் கொடுப்பதை வாங்கிவிட வேண்டாம். சாதாரண ரெட் ஆக்சைடு, கார் சர்ஃபேசர், எட்ச் பிரைமர் எதுவும் இந்த வெப்பத்துக்குச் செய்ததல்ல. மேலே இருக்கும் பெயிண்ட் 250 டிகிரி தாங்கினாலும் அடியிலிருப்பது 120-இல் இளகினால் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வரும். கொப்புளத்துக்கு இரண்டாவது சந்தேகம் இது. அதே கம்பெனியின் ஹீட் பிரைமர் கிடைத்தால் ஒரு மெல்லிய கோட். கிடைக்காவிட்டால் பிளாஸ்ட் செய்த உலோகத்தின் மேல் நேராகவே எனாமல், பிரைமர் இல்லாமல் நன்றாகவே நிற்கும்.

இப்போது அடிப்பதற்கு வருவோம். முதலில் பிரஷ். ஆம், பிரஷ்தான். பெயிண்டைக் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து, நீட்டமான மெல்லிய பிரஷ்ஷால் ஃபின்களின் அடி, புஷ்ராடு குழாய் ஃபின்களோடு சேரும் மூலைகள், ஸ்டட் தூண்களின் பின்புறம் ஆகியவற்றுக்கு மெல்லிசாக ஒரு பூச்சு கொடுங்கள். ஸ்ப்ரே கேன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஒரு பிளாஸ்டிக் கப்பில் அடித்து, நுரைப்பு அடங்க 10 நிமிடம் விட்டு அதையே பயன்படுத்தலாம். கன் எட்டாத இடமெல்லாம் இப்படி முன்பே மூடிவிட்டால், பிறகு உள்ளே ஏறவில்லையே என்று நுனியைக் குளிப்பாட்டும் ஆசை வராது. பிரஷ் கோடு தெரியுமே என்றால், அவ்வளவு ஆழத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது.

கன் என்றால் 0.8 மி.மீ நாசில் உள்ள சின்ன டச்-அப் கன். கதவு அடிக்கும் 1.4 மி.மீ கன் இங்கே உதவாது. ஸ்ப்ரே விசிறி போல விரிவதை முழுக்க மூடி வட்டமாக வைத்து, அழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ-க்குக் குறையுங்கள். அழுத்தம் குறைந்தால் திரும்பி வரும் காற்றும் குறையும், துளி ஈரமாகவே போய்ச் சேரும். பெயிண்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கலக்க வேண்டும். பெயிண்டின் நீர்ப்பதம் அளக்கும் பி4 கப்பில் வழக்கமாக 18 விநாடி வைப்பீர்கள் என்றால் இங்கே 15. தின்னர் அந்தப் பெயிண்டுக்குச் சொன்ன தின்னராக, மெதுவாகக் காயும் ரகமாக இருக்கட்டும். விலை மலிவு என்று எதற்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை ஊற்றும் பழக்கம் இருக்கிறது. அது நொடியில் பறந்து, பரப்பைக் குளிரவைத்து, ஈரக் காற்றில் வெள்ளை பூக்க வைக்கும்.

கோணம்தான் இதில் சூட்சுமம். 45 டிகிரி சாய்த்து மேலிருந்தும் கீழிருந்தும் அடி என்று சொல்லிக் கொடுப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபின் இடைவெளி 8 மி.மீ, ஆழம் 25 மி.மீ என்றால், 45 டிகிரியில் போகும் பெயிண்ட் 8 மி.மீ ஆழத்திலேயே பக்கத்து ஃபின்னில் முட்டி நின்றுவிடும். மிச்ச 17 மி.மீ மொட்டை. அடி வரை போக வேண்டுமென்றால் சாய்வு 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய நேராக, லேசான சாய்வு மட்டும். முதலில் நேராக உள்ளே பார்த்து அடிக்கு ஒரு சுற்று. அடுத்து 15 டிகிரி மேலிருந்து சாய்த்து ஒரு சுற்று, அது ஒவ்வொரு ஃபின்னின் மேல்பக்கத்தைப் பிடிக்கும். பிறகு பேரலைத் தலைகீழாகத் திருப்பி அதே சாய்வில் அடிப்பக்கத்துக்கு. கடைசியாக 45-இல் வெளிப்பாதிக்கு. நுனிக்கென்று தனியாக ஒருமுறைகூட அடிக்கக் கூடாது. மற்றவற்றின் சிதறலே அதற்குப் போதும், பெரும்பாலும் அதிகம்.

ஒவ்வொரு சுற்றிலும் கை நிற்காமல், ட்ரிகரைப் பேரலுக்கு வெளியே அழுத்தி வெளியே விடுங்கள். ஒரே இடத்தில் கன்னைப் பிடித்துக்கொண்டு பேரலைச் சுற்றுவது எளிது. திரெட் ராடு இருப்பதால் ஒரு கையால் சுற்றலாம், பழைய சுழலும் நாற்காலியின் தட்டில் நிறுத்தியும் சுற்றலாம். முதல் கோட் தூவல் மாதிரி, பாதி மூடினால் போதும். 10 நிமிடம் இடைவெளி. இரண்டாவதும் மூன்றாவதும் ஈரமாக, வழியும் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால். மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம். காய்ந்தபின் மொத்தத் தடிமன் 30 முதல் 40 மைக்ரான் என்பது ஹீட் பெயிண்டுக்குச் சரியான அளவு. தடியாக அடித்தால் மேல்தோல் காய்ந்து அடியில் தின்னர் சிறைப்படும், எஞ்சின் சூடானதும் அது ஆவியாகி முட்டிக்கொண்டு வரும். கொப்புளத்துக்கு மூன்றாவது காரணம். நுனியில் சொட்டு நின்றிருந்தது என்கிறீர்களே, கொப்புளமும் அந்த நுனிகளிலேயே என்றால் இதுதான்.

ஸ்ப்ரே கேனோடுதான் செய்யப் போகிறீர்கள் என்றால், கேனை 35 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் வைத்து எடுங்கள். கொதிநீரோ அடுப்போ கூடாது, வெடிக்கும். கேனுக்குள் இருக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்தபின் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். 15 முதல் 20 செ.மீ தூரம், சின்னச் சின்ன விட்டு விட்டு அடிகள். கேனில் அழுத்தத்தைக் குறைக்க வழியில்லை, அதனால் பிரஷ் பூச்சு இங்கே இன்னும் அவசியம்.

பேரலை அடிக்கும் முன் 40 டிகிரிக்கு லேசாகச் சூடேற்றி வைத்தால் தின்னர் சீராகப் பறக்கும், வழியாது. கையில் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தொட முடியாத சூடு என்றால் பெயிண்ட் பரவும் முன்பே உறைந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி வரும். சித்திரை மதியம் தகரக் கொட்டகைக்குள் அடித்தாலும் அதே கதை, காலை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் அன்று வேலையைத் தள்ளிப்போடுவதே மேல். கம்ப்ரசர் டேங்க்கின் அடித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கன்னுக்கு அருகே ஒரு வாட்டர் டிராப் மாட்டுங்கள். கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு அடிப்பதில் பயனில்லை, கரி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். கவர்களுக்கு ஹார்டனர் கலந்த பெயிண்ட் அடிக்கிறீர்கள் என்றால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதற்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி போட்டு அடிப்பவரிடம் கொடுப்பதே சரி.

வழிந்துவிட்டால் ஈரத்தில் துடைக்கப் போகாதீர்கள், அழுக்காகும். ஒரு துளிதான் என்றால் பிரஷ் நுனியால் ஒற்றி எடுக்கலாம். இல்லையென்றால் முழுதும் காயவிட்டு, பிளேடால் சீவி, 600 உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்து, மேலே மெல்லிய கோட். தண்ணீர் போட்டுத் தேய்த்தால் இரும்பு தெரியும் இடத்தில் உடனே துரு பிடிக்கும். மறு கோட் எப்போது என்பதை டப்பாவில் பாருங்கள். பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது ஒரு வாரம் கழித்து என்று இருக்கும். நடுவில் மறுநாள் போய் அடித்தால் அடிக் கோட் சுருங்கித் தோல் மாதிரி எழும்பும், முழுக்க எடுத்துவிட்டு முதலிலிருந்துதான்.

மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத பக்குவத்தில் எடுத்துவிடுங்கள். வெந்தபின் இழுத்தால் கேஸ்கட் விளிம்பில் பெயிண்ட் பிய்ந்து வரும். ஹெட் நட், வாஷர் உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருக்கவே கூடாது. அது நாளடைவில் நசுங்கி, இறுக்கம் தளர்ந்து, ஹெட் கேஸ்கட்டில் கசிவு ஆரம்பிக்கும். பேரல் அடிமுகத்துக்கும் அப்படியே.

வேகவைப்பது: அடித்த பாகத்தை ஒரு இரவு ஆறவிட்டு, எனாமலுக்கு 95 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 150-இல் ஒரு மணி நேரம். சில்லென்ற அவனில் வைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அலுமினிய ஹெட்டை 180-க்கு மேல் கொண்டுபோக வேண்டாம், உலோகத்தின் பலம் குறையும். ஆயில் சீல், பேரிங் இருக்கும் எந்தப் பாகத்தையும் அவனில் வைக்கக் கூடாது. வெந்தபின் போரைச் சோப்பு நீரில் கழுவி, வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடைத்து, உடனே எஞ்சின் ஆயில் தடவி வையுங்கள்.

அவன் இல்லையென்றால் வண்டியிலேயே வேகவைக்கலாம். 10 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு முழுதாக ஆறவிடுங்கள், பிறகு 15 நிமிடம், மறுபடி ஆறவிட்டு, அடுத்து அரை மணி நேரம் மெதுவான ஓட்டம். நிறுத்தி வைத்த ஏர்-கூல்டு எஞ்சினுக்குக் காற்றோட்டம் இல்லை, முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேன் வையுங்கள். முதல் தடவை லேசாகப் புகையும் நெடியும் வரும், பயப்பட வேண்டாம். இந்த மூன்று சுற்றும் முடியும் வரை பெட்ரோல் சொட்டு படாமல் கார்ப்பரேட்டர் யூனியனை (பெட்ரோல் குழாய் சேரும் இணைப்பு) சரிபாருங்கள், வேகாத எனாமல் பெட்ரோலில் கரையும்.

பெயிண்ட் அடித்தால் எஞ்சின் சூடு வெளியேறாது என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. 40 மைக்ரான் கருப்புப் பெயிண்ட் வெப்பத்துக்குத் தடையே அல்ல. மினுமினுக்கும் வெறும் உலோகத்தைவிடக் கருப்புப் பரப்பு வெப்பத்தை நன்றாகவே கதிர்வீசும். தடை என்பது ஃபின் அடியில் சேரும் சேறும் ஆயில் களிம்பும்தான். அடி வரை வழவழப்பாகப் பெயிண்ட் ஏறியிருந்தால் அந்தச் சேறு ஒரு பிரஷ்ஷும் சோப்பு நீரும் போட்டால் கழன்று வந்துவிடும்.

அலுமினிய ஹெட்டில் பள்ளம் கருப்பு, நுனி மட்டும் வெள்ளி என்ற தோற்றம் வேண்டுமானால், எல்லாம் வெந்தபின் தட்டையான மரக்கட்டையில் 400 தாள் சுற்றி நுனிகளை மட்டும் தேய்த்து, 800-இல் முடியுங்கள். இரும்புப் பேரலில் அதைச் செய்யாதீர்கள், அடுத்த மழைக்கே செந்நிறக் கோடுகள் வந்துவிடும்.